காற்று வராத லாரி

இப்போது லாரிக்குள்ளேயே ஏ.சி. வைக்கிறார்கள். அறுபதுகளின் கடைசியில் நானும் இன்னொரு டிரைவரும் மாறி மாறி ஓட்டிய பழைய லாரியில், முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த ஒரு சின்ன மூடிதான் எங்களுக்கு ஏ.சி. அதைத் திறந்து வைத்தால், வண்டி ஓடும்போது வெளிக்காற்று ஒரு குழாய் வழியாக வந்து முகத்தில் அடிக்கும். அந்தப் பங்குனியில் அடிக்கவில்லை. கிருஷ்ணகிரியில் புளி ஏற்றிக்கொண்டு ஓசூர் போய்ச் சேருவதற்குள் நான் பாதி வெந்துவிடுவேன்.

எனக்கு மூக்கின் மேல் கோபம். என்னோடு ஓட்டியவரோ என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வீட்டில் தெலுங்கு பேசுபவர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவர்.

“அண்ணே, ஓசூர்ல புது வண்டிக்கு ஆள் கேக்கறாங்க. இந்தக் காத்து சரியாவலேன்னா சனிக்கிழமை நான் அதுக்குப் போயிடறேன்” என்றேன்.

“பாத்துடலாம்” என்றார். ஆறு வருஷம் ஒரே வண்டியில் உட்கார்ந்ததற்கு அவ்வளவுதான் பதில். எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

வெள்ளிக்கிழமை குருபரப்பள்ளியில் வண்டியை ஓரங்கட்டினோம். மூடி திறந்துதான் இருந்தது. கைப்பிடி துருப்பிடித்து அது திறந்தபடியே நின்றுபோய் ரொம்ப நாளாயிற்று. இஞ்சின் சூடுதான் உள்ளே வருகிறது என்று நான் சாதித்தேன். பெடல்களைச் சுற்றியிருந்த ஓட்டைகளில் சாக்கைத் திணித்தேன். காலில் சூடு குறைந்தது. காற்று மட்டும் வரவில்லை.

அப்போது அவர், சாமி படத்துக்கு ஏற்ற வைத்திருந்த ஊதுபத்தியில் ஒன்றைக் கொளுத்தி என் கையில் கொடுத்தார். “ஜன்னலை ஏத்து. நான் ஓட்டறேன். பொகை எங்க சாயுதுன்னு பாரு.”

வண்டி புறப்பட்டது. ஊதுபத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வேர்த்து வழிய உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, சூளகிரி டீக்கடைக்காரர், “என்னா சாமி, வண்டில பிரேக்கு இல்லியா?” என்று கத்தினார். கதவிடுக்கில் காட்டினால் புகை ஆடியது. பெடல் பக்கம் காட்டினால் கொஞ்சம் நெளிந்தது. குழாயின் வாயில் காட்டினால் மட்டும் அசையாமல் மேலே ஏறி என் மூக்குக்குள் போனது.

“அண்ணே, இது அடைச்சிருக்குது!”

வண்டியை நிறுத்தினார். நான் குழாய்க்குள் கையை விட்டேன். கம்பளித் துணி தட்டுப்பட்டது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

“எந்தப் பைத்தியக்காரன் இதைத் திணிச்சான்?”

“நான்தான்.”

கோபத்தில் அந்தத் துணியை அவர் பக்கம் வீசினேன். அவர் பேசத் தொடங்கினார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

“மார்கழில நீ காய்ச்சல்ல கெடந்தே இல்ல? சானமாவு காட்டுல பனிக்காத்து நேரா உம்மேலயே அடிச்சுது. மூடிய மூட வரலே. என் கம்பளியக் கிழிச்சு அடைச்சேன். அப்புறம் மறந்தே போயிட்டேன்.”

அந்தக் காய்ச்சல் எனக்கு நினைவிருந்தது. அந்த வாரம் முழுக்க என் முறையையும் சேர்த்து அவரே ஓட்டினார். வெறும் சட்டையோடு ஓட்டியிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. வெட்கத்தில் ஊதுபத்தியை அணைக்கக்கூட மறந்து நின்றேன்.

வண்டி மறுபடி கிளம்பியதும் காற்று முகத்தில் அடித்தது.

“வருதா?” என்றார்.

“வருது.”

கொஞ்ச தூரம் போனதும், ரோட்டைப் பார்த்தபடியே, “நாளைக்கு சனிக்கிழமை” என்றார்.

“அதுக்கென்னா அண்ணே, நாளைக்கும் புளி ஏத்தணுமே” என்றேன்.