ஸ்கேனரில் ஒன்றும் இல்லை

எலியை நான் குறை சொல்ல மாட்டேன். மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டை ஒட்டியிருக்கும் காலி மனையில் அதற்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. பதினாறு வயதான எங்கள் காரின் பானெட்டுக்குள் புகுந்தது, நான்கு ஒயர்களைக் கடித்தது, போய்விட்டது. அதன் பிறகு இரண்டு மாதம் நாங்கள் பட்ட பாடு முழுக்க மனிதர்களின் உபயம்.

ஒயர்களை மாற்றிக்கொண்டு கார் வீட்டுக்கு வந்த நான்காம் நாள், ரிங் ரோடு சிக்னலில் இன்ஜின் நின்றது. டாஷ்போர்டில் இன்ஜின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு. ஏதோ ஒரு சென்சார் சரியில்லை என்று அர்த்தம். எது என்று அந்த விளக்கு சொல்லாது. பின்னால் நின்றவர்கள் கன்னடத்தில் எங்கள் வம்சத்தை விசாரித்தார்கள். மறுபடி சாவியைத் திருப்பியதும், ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது.

ஓட்டியது என் மனைவி. எனக்குக் கண்ணில் அழுத்தம் கூடியதால் இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனவே எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது அவள், எப்படி ஓட்டவேண்டும் என்று சொல்வது நான்.

"கிளட்ச்சைச் சீக்கிரம் விட்டுட்டே" என்றேன்.

"ரீ, நான் காலையே எடுக்கலை. அதுவா நின்னுது." இந்த ஊர்க் கன்னடத்தில் 'ரீ' என்றால் 'என்னங்க'.

நான் முப்பத்து நான்கு வருடம் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவன். எதுவும் 'அதுவா' நிற்காது என்பது அங்கே பாலபாடம். வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், இடம், வெப்பநிலை எல்லாம் எழுதி, காரணம் என்ற கட்டத்தில் 'ஓட்டுநர்' என்று குறித்தேன். பிறகு வழக்கம்போல் காரைப் பூட்டும் வேலைகளை வரிசையாக முடித்தேன். ஹேண்ட் பிரேக், கியர், ஜன்னல்கள், கடைசியாகப் பானெட்டைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி ஓரமாக வைப்பது. எலி மறுபடி வந்து ஒயரைக் கடித்துத் தீப்பிடித்தால் யார் பதில் சொல்வது? ஒயர் மாற்றிய நாளிலிருந்து இதை ஒரு நாள்கூட நான் தவறவிட்டதில்லை. காலையில் அவள் குளிக்கப் போகும்போது மாட்டிவிடுவேன்.

மறுநாள் காலை விளக்கு எரியவில்லை. 'தானாகச் சரியாகிவிட்டது' என்று எழுதினேன். அந்த வாரமே இரண்டு முறை நின்றது.

ஒயர்களை மாற்றித் தந்த மெக்கானிக், தமிழர்கள் நிறைந்த மார்டள்ளி ஊர்க்காரர், கைவேலை சுத்தம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சொருகில் ஸ்கேனரை மாட்டினார். விளக்கு எதற்காக எரிந்தது என்பதைக் காரின் கம்ப்யூட்டர் ஒரு எண்ணாகக் குறித்து வைத்திருக்கும். ஸ்கேனர் அதைப் படித்துச் சொல்லும். அவர் இரண்டு தரம் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லீங்க சார். வண்டி சுத்தமா இருக்குது."

"அப்போ விளக்கு எப்படி எரிஞ்சது?"

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன்."

இப்படி மூன்று தரம் போனோம். மூன்று தரமும் ஸ்கேனரில் ஒன்றும் இல்லை. எனக்கு எரிச்சல் தாளவில்லை. காரின் சர்வீஸ் புத்தகத்தைத் தேடிப்பிடித்து, இன்ஜின் நின்றால் எதையெதை எந்த வரிசையில் பார்க்கவேண்டும் என்ற பக்கத்தை நகலெடுத்து அவர் கையில் கொடுத்தேன். பாவம், அவர் மறுக்கவில்லை. முதலில் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார். பிறகு இன்ஜின் சுழற்சியைக் கவனிக்கும் கிராங்க் சென்சார். பிறகு காற்று போகும் வழியைக் கழற்றிச் சுத்தம் செய்தார். ஒவ்வொன்றுக்கும் நான் பக்கத்தில் நின்று டிக் போட்டேன். கார் ஒவ்வொன்றுக்குப் பிறகும் நின்றது.

அந்த நாட்களில் நான் என் மனைவியிடம் பேசியதெல்லாம் கிளட்ச்சைப் பற்றித்தான். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கவேண்டும் என்று ஒரு படம்கூட வரைந்து காட்டினேன். அவள் அதன்மேல் காபி டம்ளரை வைத்தாள்.

ஹனூரில் அவளுடைய அக்கா இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். ஞாயிறுதோறும் என்னையும் கூட்டிக்கொண்டு காரில் போய்ப் பார்த்து, தலை வாரிவிட்டு, சாப்பாடு ஊட்டிவிட்டு வருவாள். பஸ்ஸில் போனால் கொள்ளேகாலில் இறங்கி மாறவேண்டும். இவளுடைய முழங்கால் பஸ் படிக்கு ஒத்துழைக்காது. பதினோராவது முறையாகக் கார் நின்றது ஒரு லாரிக்கு முன்னால். லாரிக்காரர் பிரேக் பிடித்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்ததும் சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"எனக்கு சாக்காயிப் போச்சு ரீ, போதும். இன்னொரு தரம் நின்னா வண்டியை வித்துடுங்க. நான் தொட மாட்டேன்."

"அக்காவைப் பாக்கப் போறது?"

"போனுல பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த ஞாயிறு நாங்கள் ஹனூருக்குப் போகவில்லை. மதியம் முழுக்க ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் அக்காவுக்குக் காதும் சரியாகக் கேட்காது.

திங்கட்கிழமை நான்காவது முறையாகப் பட்டறைக்குப் போனோம். நான் நோட்டுப் புத்தகத்திலிருந்து பதினோரு பதிவுகளை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது மெக்கானிக் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, கடிகாரம் ஒண்ணு ஐம்பதுன்னு காட்டுது? மணி பத்துதானுங்களே ஆகுது."

"அது தெனமும் காலையில திரும்ப ஒரு மணியிலேருந்து ஓட ஆரம்பிச்சுடும். நான்தான் திருப்பி வைப்பேன். இன்னிக்கு வெறுத்துப்போயி வைக்கலை" என்றாள்.

அவர் என் பக்கம் மெல்லத் திரும்பினார். "சார், ராத்திரியில பேட்டரியைக் கழட்டறீங்களா?"

"ஆமாம். பாதுகாப்புக்கு." பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கழட்டினா கம்ப்யூட்டரு எழுதி வச்சதெல்லாம் அழிஞ்சு போயிருங்க சார். இந்த வண்டியில அப்படித்தான். சாயங்காலம் எழுதினதை நீங்க ராத்திரியே அழிச்சுப்போட்டு, காலையில என்னைப் படிக்கச் சொல்றீங்க."

ரயில்வேயில் பழுது வந்தால், கூட்டு ஆய்வு முடியும்வரை சிக்னல் கருவிகள் இருக்கும் ரிலே அறையைப் பூட்டி முத்திரை வைக்கவேண்டும். யாரும் எதையும் தொடக்கூடாது. தொட்டவர்களுக்கு நான் கொடுத்த மெமோக்கள் ஒரு பீரோ நிறையும். ஒருவரின் வருடாந்திர ஊதிய உயர்வையே நிறுத்தியிருக்கிறேன். அவர் சொன்ன சாக்கும் 'பாதுகாப்புக்கு' என்பதுதான்.

மனைவி என் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். காரணம் என்ற கட்டத்தில் ஓட்டுநர், ஓட்டுநர், ஓட்டுநர். பதினோரு தரம்.

"இப்ப என்ன செய்யணும்?" என்று மெக்கானிக்கைக் கேட்டாள்.

"ஒண்ணுமில்லீங்கம்மா. நல்லா சூடாகற வரைக்கும் ஓட்டுங்க. நின்னுச்சுன்னா, ஸ்டார்ட் பண்ணி நேரா இங்க வாங்க. வீட்டுக்குப் போகாதீங்க."

"நிக்கலைன்னா?"

"நிக்கணுங்கம்மா. நின்னாத்தான் தெரியும்."

இன்னொரு தரம் நின்றால் தொடமாட்டேன் என்று சொன்னவள், கார் நிற்பதற்காகவே ரிங் ரோட்டைச் சுற்றினாள். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதற்கு முன்பு அப்படி இருந்து பழக்கமில்லை. ஒன்றரைச் சுற்று முடிந்ததும் ஒரு வேகத்தடையில் நின்றது. பின்னால் ஹாரன். அவள் பதற்றமே இல்லாமல் சாவியைத் திருப்பினாள். "அவன் கத்தட்டும்" என்றாள்.

ஸ்கேனரில் எண் வந்தது. கேம் சென்சார், வால்வுகளின் நேரத்தைக் கவனிப்பது. எலிக்குப் பிறகு மாற்றிய, அதன் ஒயரைச் சொருகும் பிளக்கில் பூட்டுக்கொக்கி உடைந்திருந்தது. இன்ஜின் சூடாகி வண்டி குலுங்கும்போது பிளக் லேசாக விலகிக்கொண்டிருந்தது. புதுப் பிளக் போட இருபது நிமிடம். உடைந்த கொக்கி தன் கைவேலைதான் என்று மெக்கானிக் மன்னிப்புக் கேட்டார். அவருக்கு மெமோ கொடுக்கும் நிலையில் நான் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் "கிளட்ச் விஷயத்தில் நான் சொன்னது தப்பு" என்றேன்.

"கிளட்ச் விஷயத்துல மட்டுமா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றேன். "நீங்க பேடா, வேணாம். நான் மட்டும் போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டாள். இதுவரை அவள் தனியாக மைசூர் எல்லையைத் தாண்டியதில்லை. நான் பத்து மணிக்கு ஒருதரம், பத்தரைக்கு ஒருதரம் ஃபோனைப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு அவளே கூப்பிட்டாள்.

"அக்கா ரெண்டு இட்லி சாப்பிட்டா. இன்னிக்கு எழுந்து உக்காந்தா ரீ, நான் வந்ததைப் பாத்து."

"சரி, சரி. அந்த மஞ்சள் விளக்கு வந்ததா?"

"நான் பாக்கலை" என்றாள். "சாயங்காலம் மெதுவா வரேன். ஃப்ரிட்ஜுல ரசம் இருக்கு, சுட வச்சுக்குங்க."