கறியில்லாத கந்தூரி

சுரண்டையிலிருந்து தென்காசிக்குப் போகும் பேருந்து, டயர் பஞ்சராகி ஒரு கிராமத்துத் தர்கா முன்னால் நிற்கிறது. உள்ளே கந்தூரி விருந்து. பந்தியில் தொப்பிக்காரர்களும் திருநீறு பூசியவர்களும் கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் இலையில் ஆட்டுக்கறி இல்லை. சாம்பாரும் பூசணிக்காய்க் கூட்டும்தான். எனக்கு உறுத்துகிறது. கந்தூரியில் கறியை நிறுத்த வைத்தது யார்? படம் எடுக்க போனை எடுக்கிறேன்.

சாம்பார் வாளியோடு நிற்கும் பாய் என்னை முறைக்கிறார். "எங்கிருந்து வாறிய? யாரு அனுப்புனா?"

"பஸ் பஞ்சர், பாய். கறி போடக் கூடாதுன்னு யாராவது மிரட்டினாங்களா?"

"அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கால் நாட்டியாச்சுல்லா. கோயில்காரங்க விரதத்துல இருக்காங்க. நாங்க கிடா வெட்டுனா எப்படி வந்து சாப்பிடுவாங்க?"

"எப்பவும் நீங்கதான் விட்டுக்கொடுக்கணுமா?"

"ஒரு வருசம் கொடை ரம்ஜான் நோன்புல வந்துது. மத்தியானம் போடுத சாப்பாட்ட, எங்களுக்காவ சாயங்காலம் பாங்கு சொல்லுத வரைக்கும் மூடி வச்சிருந்தாங்க. அன்னைக்கும் உங்கள மாதிரி ஒருத்தர் வந்தாரு. நாங்க மிரட்டுனோமான்னு அவங்கட்ட கேட்டாரு."

நான் பந்தியில் உட்காருகிறேன்.

"போனை உள்ள வையுங்க. அப்புறந்தான் சோறு."

வைக்கிறேன். சாம்பாரை ஊற்றும்போதும் அவர் கண் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது.