கோச்சியில் வந்த மஹ்ரம்

கற்பிட்டிப் பக்கத்து எங்கள் கண்டக்குழியில் மேடு என்றால் அது மணல்மேடுதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. உயரத்தில் நின்று பார்க்க ஆசைப்பட்டால் தென்னை மரத்தில்தான் ஏற வேண்டும். இங்கே பிறந்து, இங்கேயே கலியாணம் முடித்து, ஐம்பதை எட்டிய ஸுல்பிகா, மலைநாட்டில் பை சுமந்துகொண்டு நாள்கணக்காக நடக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டபோது நான் சிரித்துவிட்டேன். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள் அவள். பள்ளிக்கூட ஓட்டப் போட்டியில் பாதி வழியில் மணலில் குந்திவிட்டவள். ஆனால் அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் விஷயம் பெரிது என்று எனக்கு உறைத்தது.

அடுத்து எழுதுவது அவளும், அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடும் அவளுடைய கணவர் நௌஃபரும் தனித்தனியாக என்னிடம் சொன்னது. இரண்டும் பொருந்தாத இடங்களில் நான் ஸுல்பிகாவை நம்பியிருக்கிறேன்.

நௌஃபர் நானா ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறில், வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து எங்கள் கரையில் இறங்கியவர். அப்போது மீசை அரும்பும் வயது. அகதி முகாமில் இருந்துகொண்டே கடலுக்குப் போனார், பிறகு சொந்தமாகப் படகு எடுத்தார், ஸுல்பிகாவையும் கட்டினார். நல்ல மனிதர். கோபம் வந்தால் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைப்பாரே தவிர, கை நீட்ட மாட்டார். ஆனால் தனக்குத் தெரியாதது ஒன்று உலகத்தில் உண்டு என்பதை மட்டும் அவர் வாயால் வரவழைக்க முடியாது. இரண்டு பெண் பிள்ளைகளையும் கட்டிக்கொடுத்து வீடு வெறிச்சோடிய பிறகு, ஸுல்பிகா எமிலியாவின் விடுதிக்குச் சமைக்கப் போனாள். யுத்தம் முடிந்து, பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு கடல்மேல் சறுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் வரத் தொடங்கியதும், சிலாபத்திலிருந்து வந்து எமிலியா போட்ட விடுதி அது. அதுவரைக்கும் ஸுல்பிகாவின் நண்டுக் கறியை ருசி பார்க்க ஒரேயோர் ஆள்தான் இருந்தார். அவரும் உப்புக் குறைவு என்பதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை. விடுதியிலோ, சாப்பிட்டவர்கள் குசினிக்கே வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். முதல்நாள் அவள் வீட்டுக்கு வந்து, அந்தக் கையைக் கழுவாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்ததாக என்னிடம் சொன்னாள்.

சித்திரையில் எங்கள் கரையில் காற்று விழுந்துவிடும். காற்று இல்லாவிட்டால் விடுதியில் ஆளில்லை. அந்த மாதத்தைச் சும்மா விட மனமில்லாத எமிலியா, நான்கு வெளிநாட்டுப் பெண்களைச் சேர்த்து, ஹட்டனிலிருந்து எல்ல வரைக்கும் தேயிலை மலைகளுக்கூடாக நடக்கும் பயணம் ஒன்றை ஒழுங்கு செய்தாள். சாமான்களை முதுகில் போட்டுக்கொண்டு நடந்து, போகிற இடத்தில் சமைத்து, தோட்டத்து வீடுகளிலும் கூடாரத்திலும் படுக்க வேண்டும். சமையலுக்கு ஸுல்பிகாவைக் கேட்டாள். கடைசி வரைக்கும் தாக்குப்பிடித்தால், சித்திரை, நவம்பர் என்று காற்று விழும் காலமெல்லாம் நடை கூட்டிப் போவதாகவும், அந்தக் குசினி முழுக்க ஸுல்பிகாவின் பொறுப்பு என்றும் சொன்னாள். ஸுல்பிகா அந்த இடத்திலேயே ஓம் என்றாள். வாழ்க்கையில் யாரிடமும் கேட்காமல் அவள் சொன்ன முதல் ஓம் அதுவாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகுதான் மஹ்ரம் ஞாபகம் வந்தது. கணவனோ, கூடப்பிறந்தவனோ, மகனோ துணைக்கு இல்லாமல் பெண் தூரப் பயணம் போகக் கூடாது என்பது எங்களுக்குள்ள வழக்கம். அந்தத் துணையைத்தான் மஹ்ரம் என்போம். ஸுல்பிகாவுக்கு அண்ணன் தம்பியும் இல்லை, மகனும் இல்லை. மிச்சம் நௌஃபர் நானாதான். அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, சாமான் தூக்க ஓர் ஆம்பிளை வேண்டும்தானே என்று தானாகவே சொன்னார். கடலையே கண்டவனுக்கு மலை என்ன பெரிய மலை என்று எங்கள் வேலிக்கு மேலாலும் சொல்லிவிட்டுப் போனார்.

பெரிய மலைதான். வேன் கினிகத்தேனை வளைவுகளில் ஏறத் தொடங்கியதும், எந்தக் கடல் கொந்தளிப்பிலும் வாந்தி எடுத்திராத மனிதர், பொலித்தீன் பையைத் தேடினார்.

அவர் செய்த பிழை ஹட்டனில், பை கட்டும்போதே நடந்தது. கேஸ் அடுப்பு, பானை, அரிசி, பருப்பு எல்லாவற்றையும் பையின் அடியில் போட்டு இறுக்கி, துவாய், மாற்றுச் சாரன் என்று லேசானவற்றை மேலே வைத்தார். எமிலியா அதைப் பார்த்துவிட்டு, பாரம் மேலே, தோளோடு ஒட்டி இருக்க வேண்டும், அடியில் இருந்தால் ஏற்றத்தில் பின்னுக்கு இழுக்கும் என்று சொன்னாள். நௌஃபர் நானா கேட்பாரா? படகில் பாரம் மேலே இருந்தால் கவிழும். அடியில் இருந்தால்தான் படகு நிமிர்ந்து நிற்கும். இத்தனை வருடம் படகில் பாரம் ஏற்றியவனுக்குப் பை கட்டச் சொல்லித்தர வந்துவிட்டார்கள் என்று மனைவியிடம் முணுமுணுத்தார். ஸுல்பிகாவின் பையையும் தானே கட்டிக் கொடுத்தார்.

முதல் ஏற்றத்திலேயே பை அவரைக் காற்சட்டை வாரில் பிடித்து இழுப்பதுபோல் பின்னுக்கு இழுத்தது. விழாமலிருக்க முன்னுக்குக் குனிந்து நடந்தார். முழுப் பாரமும் முழங்காலில் இறங்கியது. ஸுல்பிகாவுக்கும் அதே பாடுதான். ஆனால் அவள் அன்று பின்னேரமே யாருக்கும் தெரியாமல் பையைக் கொட்டி, எமிலியா சொன்னபடி அடுக்கிக்கொண்டாள். கணவருக்குச் சொன்னாளா என்று கேட்டேன். சொன்னாளாம். நாளைக்குப் பார்ப்போம் என்றாராம். அந்த நாளை வரவில்லை.

ஸுல்பிகாவுக்கு மலை பிடித்துப்போனது. விடியற்காலையில் பனிக்குள் அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, கட்டச் சம்பல் இடித்துக் கொடுத்துவிட்டு, பையை மாட்டி நடக்கத் தொடங்கினால், அடுத்த சமையல் வரைக்கும் அவளை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். காலில் அட்டை ஏறும். அதை உதறிவிட்டு நடப்பாள். கொழுந்து எடுக்கும் பெண்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார்கள். கற்பிட்டிப் பக்கம் என்றால், கடலைப் பற்றிக் கேட்பார்கள். தேயிலைக்கு நடுவே ஒரு பாறை கண்ட இடத்தில், பயணிகளுக்கு உள்ள சலுகைப்படி சுருக்கித் தொழுதுகொள்வாள். ஓட்டப் போட்டியில் குந்தியவளுக்கு எங்கிருந்து வந்தது இந்தக் கால் என்று கேட்டேன். ஓடச் சொன்னால் இப்போதும் குந்திவிடுவேன், நடப்பது வேறு என்றாள்.

மூன்றாம் நாள் நானுஓயாவை நெருங்கும்போது நௌஃபர் நானாவின் முழங்கால் வீங்கிவிட்டது. நான்கு வெள்ளைக்காரப் பெண்களும் மாறி மாறி அவருடைய பையைத் தூக்க, எமிலியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு வந்து வாங்கில் காலை நீட்டினார். இனி ஓர் ஏற்றமும் ஏற முடியாது என்பது பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அவர் திரும்பினால் ஸுல்பிகாவும் திரும்ப வேண்டும். நடுவழியில் இன்னொரு சமையல்காரியை எமிலியா எங்கே தேடுவாள்? ஸுல்பிகா அடுப்பையும் பானையையும் எடுத்து எமிலியாவின் பக்கம் வைத்தாள். மிளகாய்த்தூள் எது, கறித்தூள் எது என்று காட்டிக் கொடுத்தாள். காட்டும்போது அழுதுவிட்டாள். பிள்ளைகள் இரண்டும் புகுந்த வீட்டுக்குப் போன அன்றுகூட அவள் அழுது நான் பார்க்கவில்லை.

நௌஃபர் நானா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, நொண்டி நொண்டி, சுவரில் இருந்த நேர அட்டவணைக்குப் போனார். பட்டிப்பொல, ஓஹிய, ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல. இவர்கள் நடந்து போகும் ஊர்கள் எல்லாம் அதிலும் இருந்தன. சிங்களத்தில் நிலைய அதிபரிடம் எதையோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

“மஹ்ரம் பயணத்துல கூட வரோணும். நடந்துதான் வரோணுமெண்டு யாரும் சொல்லல்லையே” என்றார். “நீ நட. நான் கோச்சியில வாரன்.”

எந்த மௌலவி இதை ஒப்புக்கொள்வார் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் யாரிடமும் கேட்கவுமில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்தான்.

அன்றிலிருந்து பகலில் மனைவி மலையில், கணவன் ரயிலில். பாரத்தில் ஒரு பங்கை மற்றவர்கள் பிரித்து எடுத்துக்கொள்ள, மிச்சத்தை ஸுல்பிகா ஒரே பையாக அடுக்கிக் கட்டினாள். பின்னேரம் அடுத்த நிலையத்துக்கு வந்து சேர்ந்தால், நௌஃபர் நானா லீக்ஸும் கரட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, அந்த ஊரில் பாதிப் பேரைச் சிநேகிதம் பிடித்துக்கொண்டு இருப்பார். ஓஹியவில் நிலைய ஊழியரின் பிள்ளைக்குக் மளமளவென்று வலை முடிச்சு ஒன்று போட்டுக் காட்டினாராம். ரயில் ஜன்னலால் தூரத்தில் தேயிலைக்குள் ஒரு நீலப் பை அசைவதைக் கண்டு, பக்கத்தில் இருந்தவரிடம், “அது என்ட பொஞ்சாதி” என்றாராம். அது ஸுல்பிகாவே அல்ல, அந்த நேரம் அவள் மலைக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். அதை அவரிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

கடைசி நாள், பண்டாரவளையிலிருந்து எல்ல. வெயிலோடு புறப்பட்டார்கள். பின்னேரத்துக்கே உரிய சித்திரை மழை, இடியோடு வந்து கொட்டியது. பாதையில் ஒரு மண்திட்டு சரிந்து கிடக்க, சுற்றுவழியில் இறங்கினார்கள். அது வேறொரு தோட்டத்துக்குள் கொண்டுபோய்விட்டது. எமிலியாவின் தொலைபேசியில் சிக்னல் இல்லை. ஸுல்பிகா பையை நனையவிடாமல் பொலித்தீனால் மூடினாள். தன்னை மூட ஒன்றும் மிஞ்சவில்லை. வழுக்கும் படிகளில் இறங்கும்போது அவளுக்குக் காலைப் பற்றிய கவலையில்லை. இந்நேரம் நிலையத்தில் நின்றுகொண்டிருக்கும் மனிதரைப் பற்றித்தான் கவலை. அவருக்குப் பயம் பிடித்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். இனி இந்தக் கூத்து வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால், அடுத்த நடையும் இல்லை, அந்தக் குசினியும் இல்லை. எல்ல வரைக்கும் நடந்து வந்ததெல்லாம் எல்லயிலேயே முடிந்துவிடும்.

நிலையத்தில் நௌஃபர் நானா பின்னேரத் தொழுகையான அஸரைத் தொழுதுவிட்டு வந்து நின்றவர் நின்றவர்தான். வருகிற ஒவ்வொரு ரயிலிலும் இறங்கியவர்களைப் பிடித்து, வழியில் ஐந்தாறு பெண்களைக் கண்டீர்களா என்று கேட்டார். மழை விட்டதும் தண்டவாளத்தோரம் கொஞ்சத் தூரம் நொண்டிப் போய்ப் பார்த்துவிட்டு, அவர்கள் வேறு வழியால் வந்துவிட்டால் என்ற யோசனையில் திரும்பி ஓடி வந்தார். அந்தக் காலோடு எப்படி ஓடினார் என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். பொழுதுபட்டு, மஃரிப் தொழுகை நேரத்துக்கும் அவர்கள் வரவில்லை. நிலையத்து விளக்குகளைப் போட்டார்கள். ஊழியர் ஒருவர் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கையில் வைத்தபடியே ஆறவிட்டார்.

அவர்கள் வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. எமிலியா முன்னால் ஓடிவந்து, நானா, என்ட பிழைதான், பாதை சரிஞ்சு போச்சு என்று தொடங்கினாள். அவள் சொன்னது அவர் காதில் விழவில்லை. ஸுல்பிகாவின் முதுகிலிருந்து பையைக் கழற்றி வாங்கில் வைத்தார். அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“நான் கடலுக்குப் போய்ப் பிந்தி வந்த நாளெல்லாம் நீ இப்பிடியா நிண்ட?”

“ஓம்” என்றாள் ஸுல்பிகா.

“ஒரு நாளும் எனக்கிட்ட சொல்லல்லையே.”

“சொல்லியிருந்தா போகாம இருந்திருப்பீங்களா?”

அவர் யோசித்தார். தெரியாது என்று சொல்லாத மனிதர், பொய் சொல்லவும் பழகாதவர்.

“இல்ல” என்றார்.

எமிலியா ஒதுங்கி நின்று, அடுத்து வரப்போகும் சொல்லுக்காகக் காத்திருந்தாள். ஸுல்பிகாவும் அதைத்தான் எதிர்பார்த்தாள். நௌஃபர் நானா தன்னுடைய துவாயை எடுத்து மனைவியின் தோளில் போர்த்திவிட்டு எமிலியாவின் பக்கம் திரும்பினார்.

“நவம்பர்ல இங்க மழ இன்னும் கூடவாமே. அதுக்கு முந்தி இவக்கு நல்ல மழக்கோட் ஒண்டு எடுக்கோணும்” என்றார்.