சனி, ஞாயிறு வெயில்

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. வேலையோடு ஒரு வெள்ளைப் பெட்டியும் என் தலையில் விழுந்தது. பள்ளி வளாகத்தில் நான்கு கால்களில் நிற்கும் மரப்பெட்டி. உள்ளே ஒரு வெப்பமானி. தினமும் மதியம் இரண்டு மணிக்குப் பாதரசம் எங்கே நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மாதம் முடிந்ததும் ஒரு காப்பி எடுத்துக் கீழே ஓர் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அதை அங்கே ஒரு ஈயாவது மொய்த்ததா என்பது எனக்குத் தெரியாது.

என் மகள் போளூரில் அவள் அப்பாவிடம் இருந்தாள். அப்போது அவளுக்கு இரண்டு வயது. வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் நான் மலை இறங்கினால் திங்கள் காலைதான் திரும்புவேன். நோட்டில் சனி, ஞாயிறு கட்டங்கள் காலியாகக் கிடக்கும். காலியாக அனுப்பினால் விளக்கம் கேட்பார்களே என்று, திரும்பும் பஸ்ஸிலேயே இரண்டு எண்களை யோசித்து வைத்துக்கொள்வேன். போளூரில் எனக்கு எவ்வளவு வியர்த்ததோ அதுதான் அளவு; மலைக்காகக் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன். கோடை விடுமுறை முழுவதற்கும் அப்படியே. வெட்கமெல்லாம் படவில்லை. பெற்ற பிள்ளையைப் பார்க்கப் போன நாளுக்கு எந்த நோட்டுக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் இருந்தேன்.

ஒன்பது வருஷம் ஓடியது. ஒருநாள், கீழே ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் இளைஞர் பெட்டியைத் தேடி வந்தார். அலுவலகத்தில் கிடந்த என் காப்பிகளையெல்லாம் படித்திருந்தார்.

“மத்த ஊரு நோட்டெல்லாம் ஓட்டை ஓட்டையா இருக்குதுங்க டீச்சர். உங்களோடதுலதான் ஒரு நாள்கூட விடுபடல” என்றார்.

டீ ஆற ஆறப் பேசினார். கரியும் எண்ணெயும் எரிகிற புகை காற்றில் சேர்ந்துகொண்டே போகிறது, அது சூட்டைப் பிடித்து வைக்கிறது, அதுவரை தெரியுமாம். எவ்வளவு ஏறும், எத்தனை சீக்கிரம், இந்த மாதிரி ஒரு மலையில் என்ன ஆகும், இதெல்லாம் தெரியாதாம். “உங்க நோட்டுல ஏறுதுங்க. இதை எழுதப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் பிள்ளைகள் கேட்டதற்கு என்னவோ பதில் சொன்னேன். நோட்டுகளை எடுத்துப் பிரித்தேன், மூடினேன், மறுபடி பிரித்தேன். வார நாட்கள் ஏறியும் இறங்கியும் கிடந்தன. சனி, ஞாயிறும் கோடையும் மட்டும் ஒரு வருஷத்திலிருந்து மேலே போயிருந்தன. எந்த வருஷம் என்று விரல் வைத்துப் பார்த்தேன். போளூர் வீட்டில் ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வருஷம். ஜவ்வாது மலை வெயில் என்று நான் எழுதி அனுப்பியது எங்கள் வீட்டுக் கூரையின் வெயில்.

பள்ளியை ஒட்டிச் சாமை போடும் பக்கத்து நிலத்து அக்காவிடம்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னேன். அவள் களைக்கொத்தைக் கீழே வைத்தாள்.

“இன்னா டீச்சரம்மா, ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பாத்திருக்க மாட்டனா?”

“உங்களுக்கு நம்பர் தெரியாதே அக்கா.”

“நம்பர் எதுக்கு? குழாயில அது நிக்கிற எடத்துல மூங்கில் பத்தைய வெச்சி ஒரு கீறு கீறி வெச்சா, நீங்க வந்து படிச்சிக்கினு போறீங்க.”

ஒன்பது வருஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. அந்த வாரம் பெட்டியின் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திங்கள் காலை, இரண்டு கீறல் போட்ட பத்தையை நீட்டினாள். இரண்டு மணி பஸ் ஹாரன் அடித்ததும் போய்ப் பார்த்தாளாம். பஸ்ஸில் பழக்க தோஷத்தில் நான் நினைத்து வைத்திருந்தது முப்பத்து மூன்று. பத்தையைக் கண்ணாடிக்குழாயோடு சேர்த்து வைத்தேன். இரண்டு கீறலும் முப்பதை ஒட்டியே இருந்தன.

நான் இல்லாத நாட்களையெல்லாம் சிவப்புப் பென்சிலால் அடித்தேன். நோட்டுகளோடு பத்தையையும் எடுத்துக்கொண்டு கல்லூரிக்கே போய் அவர் மேஜைமேல் வைத்தேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். கோடை மாதங்கள் முழுக்கச் சிவப்பாக இருந்தன.

“மிச்சத்தை வெச்சி ஏறுதுன்னும் சொல்ல முடியாதுங்க டீச்சர். ஏறலன்னும் சொல்ல முடியாது. இனிமே எழுதறதை வெச்சித்தான் பாக்கணும்” என்றார்.

மலைக்குத் திரும்பியபோது அக்கா நிலத்தில்தான் இருந்தாள். அந்த வருஷம் அவள் சாமை பாதிக்கு மேல் கருகியிருந்தது. மறுபடி அதையே விதைப்பதா வேண்டாமா என்ற யோசனை அவளுக்கு.

“இன்னா சொன்னாரு? நம்ம மலையில வெயில் ஏறுதாமா, இல்லியாமா?”

“தெரியாதாம் அக்கா.”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

“ஒம்போது வருசமா நீங்கதான டீச்சரம்மா பாத்துக்கினு இருந்தீங்க?”