நூற்று நாற்பது வோல்ற்

திருகோணமலை நகரத்தில் டியூப் லைட்டுக்குச் சோக் என்ற கம்பிச்சுருள் சுற்றும் சின்னத் தொழிலகம் ஒன்றில் புஷ்பவதி பதினெட்டு வருடமாக வேலை செய்தாள். ஆட்கள் எல்லாமாக ஆறு பேர். தொண்ணூற்றாறாம் ஆண்டு, மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொடங்கிய சக்திச் சிக்கன இலத்திரனியல் ஆய்வு நிலையத்தில், முதலாளி ஸைனுலாப்தீன் தொழிலகத்தை அங்கத்தவராகச் சேர்த்தார். மற்ற எட்டு அங்கத்தவர்களும் கொழும்புக் கொம்பனிகள். என்னத்தை ஆராய்வது என்று வருடத்துக்கு இரண்டு தடவை கூடி வாக்களிப்பார்கள். பெரிய கொம்பனிக்கும் ஒரு வாக்கு, சின்னதுக்கும் ஒரு வாக்கு.

ஸைனுலாப்தீனுக்குக் காலில் ஆறாத சீனி வியாதிப் புண். பஸ்ஸில் போக ஏலாது.

"நீங்களே போய்ட்டு வாங்க தங்கச்சி. சாமானப் பத்தி என்னை விட ஒங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

யுத்த காலம். விடிய ஐந்து மணிக்கே பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கவேண்டும். இராணுவச் சாவடிக்குச் சாவடி இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து, மறுபடி ஏறவேண்டும். முதல் இரண்டு கூட்டத்திலும் அவள் வாய் திறக்கவில்லை. எல்லாம் இங்கிலீசில் நடந்தது. கழுத்துப்பட்டி கட்டியவர்கள் ஏர்கண்டிஷனைப் பற்றியே பேசினார்கள். மூன்றாவதில் எழும்பினாள்.

"எங்கட பக்கம் பொழுதுபட்டால், இருநூற்றி முப்பது வோல்ற் வரவேண்டிய கரண்ட் நூற்றி நாற்பதுக்கு இறங்கும். டியூப் பத்தி எரியாது. அந்தக் கரண்டிலயும் பத்திற சேர்க்கிட் ஒண்டு வேணும்."

நிலையப் பணிப்பாளர் பேராசிரியர் இரத்தினசிங்கம் தமிழர். "ஆறு மாசம் அளந்து கொண்டுவாங்கோ. வாக்குக்கு விடுறன்" என்றார்.

தினமும் பொழுதுபட ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் வீட்டில் வோல்ற் மீற்றரைப் பிடித்துக் கொப்பியில் எழுதினாள். ஆறு மாதம் முடிந்து கொப்பியோடு புறப்பட்ட அன்று, சாவடியில் ஒரு சிப்பாய் அதைப் புரட்டினான்.

"ஆறு மணி, நூற்றைம்பத்திரண்டு. ஏழு மணி, நூற்றுநாற்பத்தொன்று. என்ன எண்ணுறது? நேவிக் கப்பலா?"

"கரண்ட், சேர். எங்கட வீட்டுக் கரண்ட்."

அவன் நம்பவில்லை. பஸ் அவளை விட்டுவிட்டுப் போனது. அதிகாரி பின்னேரம் நாலு மணிக்குத்தான் வந்தார். நிலையத்தின் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு அவளைப் போகச்சொன்னார், கொப்பியை வைத்துக்கொண்டார். கூட்டம் அவளில்லாமலே முடிந்திருந்தது.

"இனிப் போகாத" என்றாள் அக்கா குணேஸ்வரி.

"ஓம்" என்றாள் புஷ்பவதி. அதைச் சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் அடுத்த நாள் ஆறு மணிக்குக் கை தன்பாட்டில் மீற்றரை எடுத்தது. இந்தமுறை மாதம் ஒரு தாளாக எழுதித் தபாலில் பேராசிரியருக்கு அனுப்பினாள்.

அடுத்த கூட்டத்தில், அவளுடையதையும் சேர்த்து ஐந்துக்கு நாலு என்று வாக்கு அவள் பக்கம் விழுந்தது. ஒன்றரை வருடத்தில் சேர்க்கிட் வந்தது. ஆய்வுகூடத்தில் நூற்றுமுப்பத்தெட்டிலேயே டியூப் பளிச்சென்று பத்தியது. எல்லோரும் கை தட்டினார்கள். அவள் கதிரையில் இருந்து, கால் கடுக்கிறது, ஒரு தேத்தண்ணி கிடைக்குமா என்று கேட்டாள்.

ஆனால் அதைத் தொழிலகத்தில் செய்யக் கொண்டென்சர் என்ற சின்ன மின்தேக்கிகள் வேண்டும். குண்டு செய்ய உதவும் என்று, தனித்தனிப் பாகங்களைத் திருகோணமலைக்குக் கொண்டுவர இராணுவத்தின் அனுமதி வேண்டும். கடிதம் எழுதினார்கள், பதில் வரவில்லை. மறுபடி எழுதினார்கள். அதற்குள் கொழும்பு அங்கத்தவர் ஒருவர் அதையே செய்து பெட்டியில் அடைத்து லொறியில் அனுப்பிவிட்டார். முழு லைட்டை எந்தச் சாவடியும் மறிக்கவில்லை. மின்சாமான் விற்கும் மஹ்ரூப்பின் கடையில் அவள் அதைக் கண்டாள்.

"நல்ல சாமான் அக்கா. கரண்ட் எவ்வளவு கொறஞ்சாலும் பத்துது" என்றார் மஹ்ரூப்.

"ஓம், பத்தும்" என்றாள்.

ஸைனுலாப்தீன் கொதித்தார். "நாம கேட்டு எடுத்தத அவன் விக்கிறான்!"

"சட்டம் அதுதானே, ஸைனுலாப்தீன் நானா. ஆய்வில வாறது எல்லா அங்கத்தவருக்கும் பொது. வாசிச்சுத்தானே கையெழுத்து வைச்சனாங்கள்."

அவர் புண்காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார். "அடுத்த வருசமும் சேருறதா?"

"சேருங்கோ. கூட்டத்துக்கு வேற ஆரையும் அனுப்புங்கோ. எனக்கு ஏலாது."

அனுப்ப வேறு ஆளில்லை. அந்த வருடம் இரண்டு கூட்டத்திலும் அவர்களுடைய கதிரை வெறுமையாகக் கிடந்தது. கூட்டத்துக்கு வராதவருக்கு இடமில்லை என்ற விதிப்படி அங்கத்துவமும் அதோடு போனது. சோக் கேட்பாரும் குறைந்தார்கள். பழுதான கொழும்பு லைட்டுகள்தான் திருத்த வந்தன. புஷ்பவதி ஒன்றிலிருந்து கொண்டென்சரைக் கழற்றி மற்றதற்குப் போட்டு, பத்துகிறதா என்று பார்த்துக் கொடுப்பாள். அந்த லைட் எப்படி வந்தது என்ற கதையை யார் கேட்டும் அவள் சொன்னதில்லை. ஐந்து மணியானால் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்கு நடப்பாள்.