நெஞ்சில் இடித்த சாமிப்பாட்டு

இதை எழுத வேண்டாம் என்று சில வருசமாக என்னை நானே மறித்து வைத்திருந்தேன். பள்ளிக்கூட வான் ஓட்டுகிற எல்லாரும் எனக்கு வேண்டியவர்கள். அதில் ஒருவர் என் மனைவியின் தம்பி. எழுதினால் கோயில் வாசலில் முகம் பார்க்க ஏலாது என்று பயம். ஆனால் இன்றைக்கும் பரந்தன் சந்தியில் ஒரு பள்ளிக்கூட வான் பாட்டில் கண்ணாடி அதிர அதிரப் போனது. வாய்க்குள் ஒரு கசப்பு ஊறியது. அதுதான் எழுதக் குந்திவிட்டேன்.

நான் கண்டாவளைப் பக்கத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குகிறவன். காலையில் வானுக்குள் இருக்கிற பிள்ளையார் படத்துக்கு ஒரு பூ, பிறகு மெல்லிய சத்தத்தில் சாமிப்பாட்டு. அப்படித்தான் வெளிக்கிடுவேன். பழைய ஸ்பீக்கர் இரண்டும் புழுதி குடித்துக் கிழிந்து, பாடுகிறவர் தொண்டை கட்டினவர் போல இரைந்தார். மாற்றத்தான் வேணும். அந்த நேரம் பார்த்துத் தாய்மார் சிலர், மற்ற வானெல்லாம் பாட்டில் அதிருதாம், உங்கட வான் செத்தவீடு மாதிரிக் கிடக்குதாம், பிள்ளைகள் சொல்லுதுகள் என்று சொல்லிப்போட்டினம். சாமிப்பாட்டைச் செத்தவீடு என்றது எனக்குச் சுட்டது.

மனைவியின் தம்பி, என் மச்சான், கிளிநொச்சியில் ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் கேட்டது, பழைய ஓட்டைக்குள் அளவாய் இறங்குகிற ஸ்பீக்கர் இரண்டு. பாட்டின் சொல் விளங்கவேணும், அவ்வளவுதான். கடைக்காரர் எடுத்துப் போட்டுக் காட்டினார். வடிவாய்த்தான் பாடியது. ஆனால் அவர் முகத்தில் ஒரு இளக்காரம். பிறகு பின் சீற்றுக்குக் கீழே வைக்கிற பெரிய பெட்டியையும் அதற்கொரு அம்ப்ளிஃபயரையும் கொண்டுவந்தார். பிளேன்ரீ குடித்து முடித்த கோப்பையைப் பெட்டிக்கு மேலே வைத்துப் பாட்டைத் திறந்துவிட்டார். கோப்பை துள்ளித் துள்ளி விளிம்புக்கு வந்து கீழே விழுந்தது. நின்றவர்கள் சிரித்தார்கள். பாடினது என்ன சொல் என்று ஒருவருக்கும் தெரியாது.

"அத்தான், பாட்டு காதில கேட்டாக் காணாது. நெஞ்சில இடிக்கவேணும்," என்றார் மச்சான்.

நான் சின்ன ஸ்பீக்கரைக் கையில் எடுக்க, சாமிப்பாட்டுத்தானே போடப்போறியள், அதில் என்ன பாவம் என்று கேட்டார். அந்தக் கதையில் மடங்கிப்போய், பெட்டியையும் அம்ப்ளிஃபயரையும் வாங்கிப் பூட்டினேன். எங்கள் பக்கம் திருவிழா என்றால் மரத்துக்கு மரம் லவுட்ஸ்பீக்கர் கட்டுவோம். அதைச் சத்தம் என்று ஒருவரும் சொல்லமாட்டோம். அருள் என்போம். சாமி பேர் இருக்கிற சத்தம் ஆருக்கும் கெடுதல் செய்யாது என்றுதான் நானும் நம்பினேன்.

புதிதாய் எது பூட்டினாலும் வாகனத்தை வீதியோரப் பிள்ளையாரிடம் கொண்டுபோவது வழக்கம். அம்ப்ளிஃபயருக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் நசித்து வந்தேன்.

என் வானில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வருவா. இருதயத்தில் ஓட்டை இருந்து கொழும்பில் ஒப்பரேசன் செய்த பிள்ளை. பின் சீற்றில் யன்னல் கரை அவவின் இடம். மற்றப் பிள்ளைகள் பாட்டுக்கு ஆட, அவ மட்டும் இரண்டு கையையும் நெஞ்சில் பொத்திக்கொண்டு இருந்ததைக் கண்ணாடியில் கண்டேன். கும்பிடுகிறா என்று நினைத்தேன். சந்தோசத்தில் இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டேன்.

பிறகு பிள்ளை வரவில்லை. பள்ளிக்கூடமே வேண்டாம் என்று அழுகிறா என்று தாய் சொன்னா. இறங்கிப்போய்ப் பிள்ளையிடம் ஏனம்மா என்று கேட்டேன். தாய்க்குப் பின்னால் ஒளித்துநின்று சொன்னா:

"மாமா, சாமி தைச்ச இடத்தில இடிக்கிறார். பிரிஞ்சிடும்."

வானுக்கு வந்து பின் சீற்றுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். அம்ப்ளிஃபயரில் நீல வெளிச்சம் மினுங்கியது. அதன் மேல் நான் வைத்த சந்தனம் காய்ந்து உரிந்து கிடந்தது. தின்னுகிற சோற்றில் மயிர் கண்ட மாதிரி இருந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றினேன்.

மச்சானுக்குக் கோபம். "ஒரு பிள்ளைக்காக வானைக் கெடுக்கிறியளோ? வேற வானில விடச் சொல்லுங்கோ," என்றார்.

"எந்த வானில?" என்று கேட்டேன். அவருடைய வானும் அதிருகிற வான்தான்.

கடையில் முதலில் பாடின அந்தச் சின்ன ஸ்பீக்கர் இரண்டையும் வாங்கிப் பூட்டினேன். சில பிள்ளைகள் வேறு வானுக்குப் போய்விட்டார்கள். இந்தப் பிள்ளையோ ஏறவே பயந்தா. பாட்டே போடமாட்டேன் என்று சொல்லித்தான் ஏற்றினேன். சந்தி கழிந்து கொஞ்சத் தூரம் போக, பின்னாலிருந்து குரல் வந்தது.

"மாமா, மெல்லமாப் போடுங்கோ."

போட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். கை இரண்டும் மடியில் கிடந்தன.

இப்போது ஊரில் வேறு கதை. நான் கழற்றினது அம்ப்ளிஃபயர் எரிந்துபோனதாலாம், பற்றறி இறங்கினதாலாம். அதைவிட அசிங்கம், சாமிப்பாட்டுக்குப் பயந்த பிள்ளையில் ஏதோ குற்றமாம். கும்பிடுகிற வாயால் இதைச் சொல்கிறார்கள். பிள்ளையில் ஒரு குற்றமும் இல்லை. இதை வாசிக்கிறவர்கள் பள்ளிக்கூட வான் ஓட்டுகிற ஆரையும் கண்டால், நான் சொன்னபடியே சொல்லுங்கோ. எனக்கு நல்ல பேர் வரட்டும் என்று கூட்டவும் வேண்டாம். சாமிக்கு வெட்கம் என்று குறைக்கவும் வேண்டாம்.