மின்சோவுக்குக் கொடுக்காத பூ

மின்சோ இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் நடன அரங்கின் பின்வாசல் காவலர் சிவா அண்ணை. ரொறொன்ரோவுக்கு வெளியே அஜக்ஸ் நிலையத்தில் நான் ரெயினுக்காக நின்றுகொண்டிருந்தபோது தொலைபேசியில் அழைத்தார்.

"தங்கச்சி, மின்சோ மோசம் போயிட்டாவாம்" என்றார். பிறகு, "எங்கட ஒஃபிஸ் ஆக்கள் இப்பவே பூவுக்கு ஓடர் குடுக்கினம். உயிரோட இருக்கேக்கை ஒண்டு குடுக்க மனம் வரேல்லை" என்றார்.

எனக்கு அழுகைக்கு முதல் ஆத்திரம்தான் வந்தது.

மின்சோவின் ஆட்டத்தைப் பார்த்த தமிழர் இங்கே கொஞ்சப் பேராவது இருப்பீர்கள். பத்தொன்பது வயதில் கொரியாவிலிருந்து ரொறொன்ரோவுக்கு வந்து, கூட்டத்தில் ஒருத்தியாக ஆடத் தொடங்கி, எங்கள் பாலே குழுவின் முதன்மை நடனக்காரியானவர். காலைப் பயிற்சிக்குப் பியானோ வாசிப்பவள் நான். பத்திரிகைக்காரர் எப்போதும் அவரைப் பீங்கான் பொம்மை என்றே எழுதினார்கள். பாராட்டு என்று நினைப்பு! ஒருநாள் சப்பாத்தைக் கழற்றி, நகம் போய்க் கறுத்திருந்த பெருவிரலைக் காட்டினார். "பொம்மைக்கு நகம் கழலுமா என்று அவர்களைக் கேள்" என்றார்.

முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் பயிற்சிக்குத் திரும்பிய காலையில், என் விரல்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துவிட்டன. பாதியில் நின்றார். "எனக்கு இரக்கம் வேண்டாம், தாளம் வேண்டும்" என்றார். முழு வேகத்தில் வாசித்தேன். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடி முடித்தார்.

பாலேயில் ஒரு வழக்கம் உண்டு. முதன்மை நடனக்காரி ஓய்வு பெறும் இரவில், ஆட்டம் முடிந்ததும், அவரோடு ஆடியவர்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து அவர் கையில் ஒரு பூ கொடுப்பார்கள். எத்தனையோ பேருக்கு மின்சோ அப்படிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். கொரியத் தலைநகர் சோலில் இருந்த அவருடைய தாய்க்கு விமானம் என்றாலே பயம். "ஒரே ஒருமுறை வருவேன், உன் கடைசி ஆட்டத்துக்கு வருவேன்" என்று மகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்.

குழுவை விட்டு விலகச் சொன்னபோது, அந்த ஓர் இரவைத்தான் மின்சோ கேட்டார். சின்ன வேடமானாலும் போதும் என்றார். நிகழ்ச்சி நிரலில் இடமில்லையாம். சத்தமில்லாமல் விலகுவதுதான் அழகு என்றாராம் குழுவின் இயக்குநர். இயக்குநரின் அறையிலிருந்து மின்சோ நேரே என்னிடம் வந்தார்.

"அழகாகப் போகச் சொல்கிறார்கள். இத்தனை வருடம் அழகாக இருந்தது போதாதா?"

அதன்பின் அவர் அந்த அரங்குப் படியை மிதிக்கவேயில்லை. இறந்த பிறகு அதே மேடையில் அவருடைய படத்தை வைத்து அஞ்சலிக் கூட்டம் நடத்தினார்கள். 'எங்கள் குடும்பத்தில் ஒருவர்' என்று படத்தின் கீழ் எழுதியிருந்தார்கள். என்ன குடும்பமோ! சோகமாக ஏதாவது வாசிக்கும்படி என்னைக் கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

மின்சோவின் தாய் வந்திருந்தார். பயத்தோடுதான் பறந்து வந்திருப்பார். இயக்குநர் வணங்கி, ஒரு பெரிய பூங்கொத்தை அவர் கையில் கொடுத்தார். அந்த அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கொரிய மொழியில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற பேரன் தலையைக் குனிந்துகொண்டே மொழிபெயர்த்தான்.

"இதை அவளிடம் கொடுத்திருந்தால், நான் அன்றைக்கே வந்திருப்பேன்."

பூங்கொத்தை இயக்குநரின் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் மேடையை விட்டு இறங்கினார். என் பக்கத்தில் சிவா அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரியாச் செய்தா மனுசி" என்றார்.

மின்சோவின் ஆட்டம் ஒளிப்பதிவுகளில் இருக்கிறது. அவருடைய கோபம் எதிலும் பதிவாகவில்லை. அதை நான் வைத்திருக்கிறேன். அழுது ஆற்றிக்கொள்ளும் எண்ணம் எனக்கில்லை. இனி இன்னொருத்தியை அவர்கள் பின்கதவால் அனுப்பட்டும் பார்க்கலாம். அன்று காலைப் பயிற்சிக்கு நான் அந்தப் பியானோவைத் திறக்க மாட்டேன்.